கணினிக்குக் காவலா, கல்லாவுக்குக் கன்னமா?

 

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, அடியிலிருந்த ஈரத்தை மறைத்த வியாபாரியைக் கண்டித்த வரலாற்றை நாம் அறிவோம். மேலாகத் தெரிவதை மட்டும் நம்பலாகாது என்னும் அந்தப் பாடம் இன்று நமது கடைக் கணினிக்கும் வேண்டியிருக்கிறது.

சரக்கு விலை பார்க்க இணையத்தைத் திறக்கிறோம். திடீரெனத் திரை சிவக்கிறது. அபாய ஒலி எழுகிறது. "கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இதை வாங்குங்கள்" என்று அறிவிப்பு வருகிறது. சோதனை நடப்பதாக ஒரு பட்டையும் ஓடுகிறது. உண்மையில் அது வெறும் சித்திரமே. திறந்த மாத்திரத்தில் நம் கணினி முழுவதையும் துருவி வைரஸ் தேடும் ஆற்றல் ஓர் இணையப் பக்கத்துக்குக் கிடையாது. பணம் கட்டியதும் "வைரஸ்" ஒழிந்ததாகச் சொல்லும். இல்லாத நோய் தீர்வதில் வியப்பென்ன?

வின்ஃபிக்ஸர், எக்ஸ்பி ஆன்ட்டிவைரஸ் முதலிய பெயர்களில் இவ்வாறு விற்றவர்கள்மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2008-ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தது. ஏமாந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் அதிகம் என்று அது கூறியது. பெயர் பெற்ற கடையாயினும் விழிப்பு வேண்டும். ஆபீஸ் டிப்போ கடைகளில் நடந்த இலவசக் கணினிச் சோதனை, வாடிக்கையாளர் "கணினி மெதுவாக ஓடுகிறது" என்று சொன்னாலே வைரஸ் அறிகுறி உண்டெனக் காட்டியதாக அதே ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2019-ஆம் ஆண்டு அக்கடையும் மென்பொருள் தந்த நிறுவனமும் சேர்ந்து 3 கோடியே 50 லட்சம் டாலர் செலுத்த இசைந்தன.

ஆகவே, மருந்து விற்பவன் சொல்லை மட்டும் வைத்து நோயை முடிவு செய்யலாகாது. பொய்யை அறியும் அடையாளங்கள் இவை:

1. எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்கும். தனது எச்சரிக்கைகளில் ஒருபோதும் தொலைபேசி எண் இராது என்று மைக்ரோசாப்ட் நிறுவனமே அறிவித்துள்ளது.
2. யோசிக்க அவகாசம் தராமல் அவசரப்படுத்தும்.
3. மூட முயன்றாலும் திரையை விட்டு அகலாது.
4. தூரத்திலிருந்தே கணினியை இயக்க அனுமதி கேட்பார்கள். பரிசு அட்டையாகப் பணம் கேட்பதும் உண்டு.

அப்போது அதிலுள்ள எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜர் வழியாகப் பிரவுசரை மூடுங்கள். பிறகு கணினியில் ஏற்கெனவே உள்ள காவலைக் கொண்டு சோதியுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்னும் காவல் இலவசமாகவே இருக்கிறது.

அந்நியரை உள்ளே விட்டுவிட்டால் இணையத் தொடர்பை உடனே துண்டித்து, வங்கிக்குச் சொல்லி, வேறு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் மலேசியாவில் 997, சிங்கப்பூரில் 1799 எண்ணை அழைத்து, போலீசிலும் புகார் செய்யுங்கள்.

கடைச் சிப்பந்திகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். தவறிப்போய் அழுத்திவிட்டவர் திட்டுக்கு அஞ்சி மறைத்தால் நஷ்டம் பெருகும். உடனே வந்து சொல்பவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். நம் கணினியில் இருப்பது நமது கணக்கு மட்டுமன்று. நம்மை நம்பியவர்களின் பெயரும் பற்று வரவும் அதில் உள்ளன. அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் காப்பது நம் கடமை.