கோதுமையில்லாத குளிர் இனிப்புகள்

இனிப்பை விரும்பாத பிள்ளைகள் குறைவு. ஆனால் விரும்பியும் உண்ண முடியாத பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். நுகேகொடையில் என்னோடு வளரும் என் தங்கை அவர்களுள் ஒருத்தி. அவளுக்கு இருப்பது சீலியாக் நோய்.

நோயும் காரணமும்

கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் குளுட்டன் என்னும் புரதம் உண்டு. ரொட்டி மா இழுபடுவது இதனால்தான். சீலியாக் நோயாளர் இதை உண்டால், அவர்களது நிர்ப்பீடனத் தொகுதி சிறுகுடலின் சடைமுளைகளையே தாக்குகிறது. உணவின் அகத்துறிஞ்சல் குறைகிறது. வயிற்றுவலி, குருதிச்சோகை, வளர்ச்சிக் குறைவு ஆகியன ஏற்படலாம். இதைக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. குளுட்டனை முற்றாகத் தவிர்ப்பதே சிகிச்சை. பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தினால் முடிவு பிழைக்கக்கூடும். முதலில் வைத்தியரை நாடுங்கள்.

கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை வைத்தியர் வில்லெம் கரெல் டிக்கே. போருக்கு முன்பே அவருக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் பாண் கிடைக்காதபோது நோயுற்ற பிள்ளைகள் தேறினர். பாண் திரும்பியதும் நோயும் திரும்பியது. 1950இல் தமது ஆய்வை அவர் வெளியிட்டார்.

ஐஸ்கிறீமில் கோதுமையா?

பால், சீனி, பழம் ஆகியவற்றில் குளுட்டன் இல்லை. ஆபத்து கூடச் சேர்பவற்றில்தான் இருக்கிறது. கோன் கோதுமை மாவில் செய்யப்படுவது. பிஸ்கட், கேக் துண்டுகளும் அப்படியே. மோல்ட் பார்லியிலிருந்து வருவது. பலூடாவில் கசகசாவும் ரோஸ் பாணியும் தீங்கற்றவை. கோதுமைச் சேமியா சேர்ந்தால் அதுவும் ஆகாது.

ஒரு கடையில் கோதுமை இல்லையென்று உறுதி சொல்லியே எங்களுக்கு மாம்பழ ஐஸ்கிறீம் தந்தார்கள். பிஸ்கட் ஐஸ்கிறீம் அள்ளிய அதே கரண்டியால் அதையும் அள்ளியிருந்தார்கள். அன்றிரவு தங்கை உறங்கவில்லை. அதன்பின் பிறந்தநாள் வீடுகளில், யாரும் கேட்பதற்கு முன்பே "எனக்கு வேணாம் தாத்தா" என்று என்னிடம் சொல்லிவிடுவாள். நோயைவிட அந்தச் சொல்தான் எனக்கு வலித்தது.

நம் வீட்டிலேயே உள்ளவை

விலையுயர்ந்த வெளிநாட்டுப் பெட்டிகளைத் தேடிய எங்களுக்கு, உம்மாவின் குசினியே வழிகாட்டியது. தேங்காய்ப்பால், கித்துல் கருப்பட்டி, முட்டை, ஏலம் சேர்ந்த வட்டலப்பத்தில் கோதுமை இல்லை. நோன்புக்குச் செய்யும் கடற்பாசியிலும், அரிசி மாத் தொதலிலும், சவ்வரிசிக் கஞ்சியிலும் இல்லை. வெளியில் வாங்கினால் மட்டும் வேறு மா கலந்ததா என்று கேட்க வேண்டும்.

புதுச் சுவைகளையும் வீட்டிலேயே செய்து பார்த்தோம். விளாம்பழச் சதையை வடித்து, கெட்டித் தேங்காய்ப்பாலும் கித்துல் பாணியும் கலந்து உறைய வைத்தோம். அரை மணிக்கொரு முறை கிளறினால் பெரிய பனிக்கட்டிப் பளிங்குகள் உருவாகா. பாணியின் சீனி உறைநிலையைத் தாழ்த்துவதால் அது கல்லாகவும் இறுகாது. புளிப்பும் இனிப்பும் கலந்த அச்சுவைக்கு இப்போது வீட்டில் போட்டி. அடுத்து கொடித்தோடை செய்தோம். துரியன் செய்ய வாப்பா மட்டும் சம்மதிக்கவில்லை!

நாம் செய்யக்கூடியது

ஹலாலா என்று பொதியைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் நமக்கு ஏற்கனவே உண்டு. அதே பார்வையில் கோதுமை, பார்லி, மோல்ட் என்ற சொற்களையும் தேடலாம். சர்வதேச உணவு நியமத்தின்படி, ஒரு கிலோகிராமில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் உள்ள உணவை "குளுட்டன் அற்றது" எனக் குறிப்பிட முடியாது. இவ்வளவு சிறிய அளவே கணக்கில் எடுக்கப்படுகிறது என்றால், ஒரு துணுக்குப் பிஸ்கட்டையும் அற்பமென்று நினைக்கலாகாது.

விருந்துக்கு அழைக்கும்போது, "உங்கள் பிள்ளைக்கு ஆகாதது ஏதும் உண்டா?" என்று கேளுங்கள். தனிக் கரண்டியோடு ஒரு கோப்பை இனிப்பை முதலிலேயே எடுத்து வையுங்கள். அதற்குப் பெரிய செலவில்லை. ஒரு பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அமர்ந்து உண்ண அது போதும்.