மொட்டை மாடிக்கு மெத்தை வாங்கப் போகிறீர்களா?

பால்கனி பிரம்பு நாற்காலிக்கோ மொட்டை மாடி ஊஞ்சலுக்கோ மெத்தை வாங்கப் போனாலும், ஹால் சோபாவுக்குப் பார்க்கிற கண்ணோடுதான் கடைக்குள் நுழைகிறோம். பூப்போட்ட துணி, மெத்தென்ற பஞ்சு என்று அள்ளி வந்தால், ஐப்பசி அடைமழையில் அதன் கதை முடிந்தது.

1. "நனையவே நனையாது" என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். "நனைந்தால் எவ்வளவு நேரத்தில் காயும்?" என்று திருப்பிக் கேளுங்கள். துணி தண்ணீரை விடாவிட்டாலும் தையல் ஊசித் துளைகள் விட்டுவிடும். உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி இருக்காது. மேலே தொட்டால் காய்ந்திருக்கும். உட்கார்ந்தால் வேட்டி ஈரமாகும். அடிப்பக்கம் வலைத்துணி வைத்துத் தைத்த மெத்தையாகப் பாருங்கள்.

2. கூச்சப்படாமல் ஜிப்பைத் திறந்து உள்ளே பாருங்கள். இலவம் பஞ்சு படுக்கையறைக்கு ராஜா, மாடிக்கு ஆகாது. அமுங்கிய பஞ்சு நனைந்தால் கட்டி தட்டும், மக்கல் வாடை வரும். சாதாரண ஃபோம் தண்ணீரைக் குடித்துவிட்டு விடாது. வெளியிடத்துக்கென்றே பெரிய துளைகளோடு ஒரு வகை ஃபோம் கிடைக்கிறது. மேலே ஊற்றிய தண்ணீர் அடியில் ஒழுகிவிடும். விலைதான் அதிகம். சாரல் எட்டாத, கூரை போட்ட பால்கனிக்கு அந்தச் செலவு வீண்.

3. ஃபோம் கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதே அந்த எண். எண் கூடினால் கல்லாக இருக்கும் என்று பயப்பட வேண்டாம். பொதுவாக, சீக்கிரம் குழி விழாது என்றே அர்த்தம். தினமும் உட்காரும் இடத்துக்கு 32-க்குக் கீழே இறங்காதீர்கள்.

4. துணியில் கத்தரிக்காய், பீட்ரூட் என்று இரண்டு ஜாதி. கத்தரிக்காய்க்கு நிறம் தோலோடு சரி. பீட்ரூட்டுக்கு உள்ளே வரை. நெய்த பிறகு சாயம் ஏற்றிய துணி முதல் வகை, சித்திரை வெயிலில் சீக்கிரம் வெளிறிப்போகும். நூலாகும்போதே நிறம் கலந்த அக்ரிலிக், பாலியஸ்டர் துணிகள் இரண்டாம் வகை. உறையின் ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் வெளுப்பாக இருந்தால் கத்தரிக்காய்.

5. ரெக்சின் வேண்டாம். வெயிலில் தோசைக்கல், வியர்வையில் பசை.

6. மெத்தை வாங்கும் முன் நாற்காலியின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். தரையிலிருந்து 17 அங்குலம் இருக்கும் நாற்காலியில் 4 அங்குல மெத்தையைப் போட்டால் பாட்டியின் கால் தரையைத் தொடாது. தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும். அதற்கு 2 அங்குலம் போதும். தாழ்வான பிரம்பு நாற்காலிக்குத்தான் தடிமன் தேவை. மூட்டுவலிக்காரர்கள் எழுவதற்கும் அது உதவும்.

7. கடையில் ஒரு நிமிடம் உட்கார்ந்தால் எல்லா மெத்தையும் சுகம்தான். பத்து நிமிடம் உட்காருங்கள். அடிப்பலகை உறுத்தத் தொடங்கினால் எழுந்துவிடுங்கள்.

8. கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உலோக ஜிப் வேண்டாம். உப்புக் காற்றில் இறுகிப்போய், துவைக்கக் கழற்றும்போது துணியையே கிழிக்கும். பிளாஸ்டிக் ஜிப், பாலியஸ்டர் நூல் தையல் என்று கேட்டு வாங்குங்கள்.

9. நாற்காலியில் கட்ட நாடா இருக்கிறதா? இல்லாவிட்டால் ஆடிக் காற்றில் உங்கள் மெத்தை பக்கத்து வீட்டு மாடியில் கிடக்கும்.

10. வெள்ளை உறை காக்கைகளுக்கு அழைப்பிதழ். கறுப்போ வெயிலில் சுடும். மணல் நிறம், சாம்பல், பாசிப்பச்சை ஆகியவை அழுக்கையும் பொறுக்கும், சூட்டையும் பொறுக்கும்.

11. நனைந்த மெத்தையைப் படுக்கப் போட்டு உலர்த்தாதீர்கள். ஜிப் பக்கம் கீழே வரும்படி சுவரில் சாய்த்து நிறுத்தினால் தண்ணீர் தானாக வடியும்.

12. எத்தனை வாங்கலாம்? மழை தூறும்போது ஒரே நடையில் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடக்கூடிய அளவுக்கு. நாங்கள் ஆறு வாங்கினோம். என் கைக்கு நான்குதான் அடங்குகிறது.