பிரிக்கும் முன் பிரதி எடுங்கள்: பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் கையில் கிடைத்தால்...

வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவுடன் ஊரில் உங்களுக்கு "கம்ப்யூட்டர் தெரிந்தவர்" என்ற பெயர் வந்துவிடும். அடுத்த வாரமே யாராவது வந்து, "எங்க கடைப் பரண்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடக்குது, எதுக்காவது ஆகுமா, இரும்புக் கடையில போட்டுடலாமா?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது, அந்தக் கம்ப்யூட்டரை என்ன செய்வது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நண்பன் ஒருவன் தன் அப்பாவின் மண்டியில் இருந்த 386 கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தான். தூசியைக் கூடத் தட்டாமல் பிளக்கில் சொருகி சுவிட்சைப் போட்டேன். "டப்" என்று ஒரு சத்தம், புகை. "அவ்வளவுதான், செத்துப்போச்சு" என்று எடைக்குப் போட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்து அவன் வந்து, "என்னடா, அப்பாவோட கணக்கெல்லாம் அதுலதானே இருந்தது. கொஞ்சம் எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டான். பின்னால்தான் எனக்குப் புரிந்தது. போனது பவர் சப்ளை மட்டும். ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருந்திருக்கும்.

எங்கள் ஊர் சொல்லும் பாடம்

எங்கள் ஊர் திருமழபாடி. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள வைத்தியநாத சுவாமி கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்படி ராஜராஜ சோழன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் (சுமார் கி.பி. 1013) ஆணையிட்டான். பழைய சுவர்களில் கல்வெட்டுகள் இருந்தன. எனவே, இடிக்கும் முன் அவற்றை ஒரு புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் சொன்னான். ராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் (சுமார் 1026) அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டினார்கள். இதை அந்தக் கோயில் கல்வெட்டே சொல்கிறது. இன்று நாம் "பேக்கப்" என்கிறோமே, அதுதான் இது. பழைய கம்ப்யூட்டருக்கும் இதே விதிதான்: பிரிக்கும் முன் பிரதி.

எவ்வளவு பழையது?

கேபினட்டின் பின்பக்கம் பாருங்கள். கீபோர்டு சொருகும் இடம் பெரிய வட்டமாக, 5 துளைகளுடன் இருந்தால் அது பெரும்பாலும் 1980-களின் பிற்பகுதி அல்லது 1990-களைச் சேர்ந்தது. உள்ளே 286, 386, 486 அல்லது தொடக்க காலப் பென்டியம் பிராசசர் இருக்கும். இன்டெல் 286-ஐ 1982-லும், 386-ஐ 1985-லும், 486-ஐ 1989-லும், பென்டியத்தை 1993-லும் வெளியிட்டது. நம் ஊர்க் கடைகளிலும் ஆபீஸ்களிலும் எச்சிஎல், விப்ரோ, ஜெனித், பிசிஎல் பெயர் கொண்டவையும், பெயரே இல்லாமல் அசெம்பிள் செய்தவையும் இருந்தன.

சென்ற ஆண்டு திருமானூர் சாலையில் ஒரு பழைய இரும்புக் கடையில் அப்படி ஒரு 486 கண்ணில் பட்டது. "சார், கிலோ கணக்குல போட்டுத் தர்றேன், எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர். "இது யார் வீட்டுல இருந்து வந்ததுண்ணே?" என்று கேட்டேன். இந்த முறை அவசரப்படவில்லை. கீழ்க்கண்ட வரிசையில் செய்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

1. உரிமையாளரைக் கேளுங்கள். கம்ப்யூட்டரை நீங்கள் காசு கொடுத்து வாங்கினாலும் உள்ளே இருக்கும் கணக்கு மற்றவருடையது. முடிந்தவரை விசாரித்து அவர்களிடம் சொல்லிவிடுங்கள். நான் பார்த்தது பக்கத்து ஊர் உரக்கடை ஒன்றின் கம்ப்யூட்டர். கடைக்காரர் காலமாகிவிட்டார். அவருடைய மனைவியிடம் போய்ச் சொன்னேன்.

2. பிளக்கில் சொருகாதீர்கள். பல பவர் சப்ளைகளின் பின்புறம் 115, 230 என்று எழுதிய சிவப்பு சுவிட்ச் இருக்கும். நம் நாட்டில் அது 230-ல் இருக்க வேண்டும். யாராவது விளையாட்டாக 115-க்குத் தள்ளியிருந்தால் என் 386-க்கு நேர்ந்ததுதான் நடக்கும். சுவிட்ச் சரியாக இருந்தாலும் பழைய கெப்பாசிட்டர்கள் வெடிக்கலாம். பவர் சப்ளைப் பெட்டியையும் பழைய டப்பா மானிட்டரையும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். மானிட்டர் அணைந்து கிடந்தாலும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கலாம்.

3. பேட்டரியைப் பாருங்கள். கேபினட் மூடியைக் கழற்றினால் மதர்போர்டில் சிறிய உருளை வடிவப் பேட்டரி, பெரும்பாலும் நீல நிறத்தில், இருக்கலாம். அதைச் சுற்றிப் பச்சை அல்லது வெள்ளைப் பொடி படர்ந்திருந்தால் பேட்டரி கசிந்து போர்டை அரிக்கிறது என்று பொருள். கையுறை போட்டுக்கொண்டு பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள். பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்யுங்கள்.

4. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள். அதில் 40 முனைகள் கொண்ட ஒரே பட்டை கேபிள் இருந்தால் அது ஐடிஇ வகை. கடையில் கிடைக்கும் ஐடிஇ - யுஎஸ்பி அடாப்டர் மூலம் உங்கள் புதிய கம்ப்யூட்டரில் இணைக்கலாம். மிகப் பழைய டிஸ்க்குகளைச் சில அடாப்டர்கள் அடையாளம் காணாது. அப்போது மதர்போர்டிலேயே ஐடிஇ இணைப்பு உள்ள பழைய பென்டியம் கம்ப்யூட்டர் வேண்டும். 34, 20 முனைகளுடன் இரண்டு கேபிள்கள் இருந்தால் அது எம்எஃப்எம் போன்ற முந்தைய வகை. அதற்கு அதனுடைய கன்ட்ரோலர் கார்டே வேண்டும். டிஸ்க், கார்டு, கேபிள் மூன்றையும் ஒன்றாகக் கட்டிவைத்து, அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள்.

5. பிரதி எடுங்கள். இணைத்தவுடன் "இந்த டிஸ்க்கை பார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்கக்கூடும். கட்டாயம் கேன்சல் அழுத்துங்கள்! டிஸ்க் திறந்தால் எல்லா பைல்களையும் ஒரு போல்டரில் காப்பி செய்து, ஆன்டிவைரஸ் கொண்டு சோதித்து, இன்னொரு பென் டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள்.

பிளாப்பிகள் இருந்தால் முதலில் எழுத முடியாதபடி பூட்டுங்கள். மூன்றரை அங்குல பிளாப்பியில் ஓரத் துளை திறந்திருந்தால் பூட்டியது. ஐந்தேகால் அங்குலத்தில் இது தலைகீழ். ஓர வெட்டை ஸ்டிக்கரால் மூடினால்தான் பூட்டு. பூஞ்சை பிடித்த பிளாப்பியை டிரைவில் போடாதீர்கள். பிளாப்பியும் போகும், டிரைவின் ஹெட்டும் கெடும்.

6. திறந்து பாருங்கள். பைல் பெயரின் கடைசியில் டிபிஎஃப் என்று இருந்தால் அது பெரும்பாலும் டிபேஸ் அல்லது பாக்ஸ்புரோ கணக்கு. டபிள்யூகே1 என்றால் லோட்டஸ் 1-2-3. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸின் கால்க் புரோகிராம் இரண்டையும் திறக்கும்.

அந்த உரக்கடை டிஸ்க்கில் சுற்று வட்டார விவசாயிகளின் பெயரும் கடன் பாக்கியும் இருந்தன. கூடவே தமிழை ஆங்கில எழுத்தில் அடித்த ஒரு சிறிய பைல். அது மகள் கல்யாணச் செலவுக் கணக்கு. பந்தல், நாதஸ்வரம், வாழை இலை என்று வரி வரியாக இருந்தது. அதை அச்சடித்துக் கொடுத்தேன். அந்த அம்மா நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கடன் பாக்கியை எல்லாம் அழிச்சிடுங்க தம்பி. இனிமே யார்கிட்ட போய்க் கேட்கப்போறோம்? இந்த ஒரு தாள் போதும்" என்றார்.

7. அழித்துவிட்டு அனுப்புங்கள். உரிமையாளர் சம்மதித்த பிறகே அழிக்க வேண்டும். வெறுமனே டெலீட் செய்வதும் குவிக் பார்மட்டும் போதாது. பார்மட் விண்டோவில் "குவிக்" என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு பார்மட் செய்யுங்கள். டிரைவ் எழுத்தை இரண்டு முறை சரிபாருங்கள். தவறினால் உங்கள் சொந்த டிரைவே காலியாகிவிடும்! பென் டிரைவிலும் உங்கள் கம்ப்யூட்டரிலும் எடுத்த பிரதிகளையும் மறக்காமல் நீக்குங்கள்.

மீதியை என்ன செய்வது?

போர்டு நல்ல நிலையில் இருந்தால் பள்ளி அல்லது கல்லூரி லேபுக்குக் கொடுக்கலாம். மாணவர்களுக்குப் பிரித்துக் காட்டிப் பாடம் நடத்த இதைவிட நல்ல பொருள் இல்லை. ஒன்றுக்கும் ஆகாது என்றால் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்துக்கு அனுப்புங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022-இன்படி, இந்த நிறுவனங்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். "போர்டுல தங்கம் இருக்கு" என்று ஆசிட்டில் போடுவதும், செம்புக்காக வயரைக் கொளுத்துவதும் வேண்டவே வேண்டாம். கிடைப்பது சொற்பம். மானிட்டர் கண்ணாடியிலும் சால்டரிலும் உள்ள ஈயமும், வயர்ப் புகையின் நஞ்சும் நம் மண்ணிலும் மூச்சிலும்தான் சேரும்.

அடுத்த முறை யாராவது "எதுக்காவது ஆகுமா?" என்று கேட்டால், "முதல்ல உள்ளே என்ன இருக்குன்னு பார்த்துடலாம்" என்று சொல்லுங்கள். அப்படியே உங்கள் புதிய கம்ப்யூட்டரில் உள்ள பைல்களுக்கும் இன்றே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். அதுவும் ஒரு நாள் பழையதாகத்தானே போகிறது!