ரிமோட்டில் உங்கள் போன் உட்காருமா?

ஐப்பசிக் கடைசியில் பாலக்காட்டுக் கல்பாத்தி ரதோற்சவத்தின் மூன்றாம் நாள் மாலை, தேர்முட்டியில் தேர்கள் சங்கமிக்கும். அதை மேலிருந்து படமெடுக்க ட்ரோனோடு வருபவர்கள், ரிமோட்டில் திரையாகப் பொருத்தும் போனின் அளவை வீட்டிலேயே பார்த்துவிடுவது நல்லது.

டிஜேஐ மாவிக் மினியின் பழைய ரிமோட் 160 மி.மீ. நீளம், 6.5 முதல் 8.5 மி.மீ. தடிமன் வரைதான் ஏற்கும். கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவின் நீளம் 162.3, தடிமன் 8.6. நூலிழையில் வெளியே! பின்னால் வந்த ஆர்சி-என்1 ரிமோட் தாராளம்: 180 நீளம், 86 அகலம், 10 தடிமன். ஆனால் 2 மி.மீ. உறை போட்டால் அதே எஸ்24 அல்ட்ரா இதிலும் அடங்காது. ஆகவே அளவை உறையோடு சேர்த்தே எடுங்கள்.

ஐபேட் மினியின் (6ஆம் தலைமுறை) அகலம் 134.8 மி.மீ. அதற்குத் தனி டேப்லெட் தாங்கி வாங்க வேண்டும். கூடும் எடையில் கை சீக்கிரம் வலிக்கும். நின்றபடி பறக்கவிடுபவருக்குப் போனே மேல்.

ஆர்சி-என்1இன் பிடி போனை நீளவிளிம்புகளில் கவ்வும். பவர் பட்டனும் அந்த விளிம்பில்தான் இருக்கும். அது அழுந்தினால் பறக்கும் நேரத்தில் திரை அணைந்துவிடும். போனைச் சற்று நகர்த்திப் பொருத்துங்கள். லைட்னிங், டைப்-சி, மைக்ரோ யுஎஸ்பி ஆகியவற்றில் உங்கள் போனுக்கான கேபிள் பையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாம் பொருந்தினாலும், ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தையும் காவல்துறை அனுமதியையும் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். தேர் வடம் பிடிக்கும் கூட்டத்தின் தலைக்கு மேல் ட்ரோனைப் பறக்கவிடவே கூடாது.