ஒரகடத்தில் ஓவியம் கற்பிக்கப்போகும் தங்கைக்கு



உன் கடிதம் கிடைத்தது. கவின்கலைக் கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு ஒரகடத்துக்கே திரும்பி, ஊராட்சியின் பழைய கட்டடம் ஒன்றில் சின்ன அருங்காட்சியகமும், அதையொட்டி இயற்கைசார் கலைப் பட்டறைகளும் தொடங்கப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். மனம் நிறைந்தது. கூடவே அனுப்பியிருந்த திட்டத்தையும் முழுக்கப் படித்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதல் வகுப்பு இலை அச்சு, அடுத்தது கல்லில் ஓவியம், அதற்கடுத்தது காகிதப் பட்டாம்பூச்சி. அக்ரிலிக் வண்ணமும் கேன்வாஸும் பசையும் பாரிமுனையில் மொத்தமாக வாங்கச் செலவுக் கணக்கும் போட்டிருக்கிறாய். இதே வகுப்புகளை அண்ணா நகரிலும் நடத்தலாம், கோயம்புத்தூரிலும் நடத்தலாம். ஒரகடத்தில் மட்டுமே நடத்தக்கூடியது என்று ஒன்றுகூட அதில் இல்லை. தொழிற்சாலைகள் வந்த பிறகு இங்கே இயற்கை ஏது, அதை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும் என்று நீயும் நம்பிவிட்டாயோ என்று தோன்றியது. அந்த எண்ணத்தை முதலில் விடு.

இலை அச்சையே எடுத்துக்கொள். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் வெளிறிய களிப்பாறை அடுக்குகளில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய இலைகள் அச்சு அச்சாகப் பதிந்து கிடக்கின்றன. சைகஸ் செடியின் சீப்பு போன்ற இலையை ஒத்த டிலோஃபில்லம் அவற்றில் பேர்பெற்றது. டைனோசர்கள் உலவிய காலத்துத் தாவரம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே ஆய்வாளர்கள் இவற்றைப் பதிவு செய்து வருகிறார்கள். புவியியல் நூல்களில் அந்தப் பாறைத் தொகுதிக்கே ஸ்ரீபெரும்புதூரின் பெயர்தான். சேற்றில் விழுந்த இலைமேல் வண்டல் படிந்து, இறுகி, கல்லாகி, இலை மறைந்தும் நரம்பு மட்டும் நின்றுவிட்டது. இதைப் படத்தில் காட்டிவிட்டு, ஈரக் களிமண்ணில் ஒரு பூவரசம் இலையை அழுத்தச் சொல்லிப் பார். அப்போது உன் வகுப்புக்கு வரும் பிள்ளை, தான் நிற்கும் மண் செய்த அதே வேலையைத் தன் கையால் செய்துபார்க்கும்.

கல்லும் அப்படித்தான். 1863 மே மாதம் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கைக்கோடரி, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கே தொடக்கம். உன் ஊருக்கு இன்னும் பக்கத்தில், வடக்குப்பட்டில், 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. இடைக்கற்காலத்தவை என்று ஆய்வாளர்கள் சொல்லும் கற்கருவிகள் கிடைத்தன. மேலடுக்குகளில் பிற்காலத்துப் பொருள்களும் வந்தன. ஆகவே கூழாங்கல்மேல் பெயின்ட் பூசச் சொல்வதற்கு முன், கல்லைக் கையில் கொடு. கண்ணை மூடித் தடவச் சொல். கூர் எங்கே, பிடி எங்கே, எந்தப் பக்கம் தட்டினால் எப்படிச் சில்லு பெயரும் என்று பேசு. பிறகு கரித்துண்டால் வரையச் சொல். வகுப்பில் பாதி நேரம் பார்ப்பதிலேயே போய்விடும். போகட்டும்.

ஒரு கண்டிப்பு. அகழாய்வு நடந்த இடத்திலிருந்து ஒரு சில்லுகூட உன் அலமாரிக்கு வரக்கூடாது. பிள்ளைகள் எதையாவது கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லக் கற்றுக்கொடு. எடுத்த இடம் தெரியாத கருவி ஆய்வுக்குப் பெரிதும் உதவாது. பறவைக் கூட்டையும் முட்டையையும் தொடாதே. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவைக் கூட்டைக் கலைப்பதையும் வேட்டையாகவே கருதுகிறது. நத்தைகுத்தி நாரை ஏரிக்கரையில் விட்டுச்சென்ற உடைந்த நத்தை ஓடு, காற்றில் விழுந்த பனம்பாளை, உதிர்ந்த புங்கங்காய் போதும்.

வண்ணத்துக்கு வருகிறேன். செம்மண், காவிக்கல், அடுப்புக்கரி, சுண்ணாம்பு இந்த நான்கோடு தொடங்கு. வேலம்பிசினை இரவே ஊறவைத்துக் கரைத்தால் வண்ணம் தாளில் பிடிக்கும். மஞ்சள் கரைசலில் துளி சுண்ணாம்பு விழுந்ததும் சிவப்பதைப் பார்த்துக் கைதட்டாத பிள்ளை இல்லை. ஆனால் மஞ்சள் வெயிலில் வெளுத்துப்போகும் என்பதையும் மறைக்காமல் சொல். ஒரே படத்தின் பாதியை மூடி, பாதியை வெயிலில் வைத்தால் அதுவே ஒரு பாடம். கடுக்காய்த் தூளைக் கொதிக்கவைத்து, துருப்பிடித்த ஆணியைப் போட்டுவைத்தால் கறுப்பு மை கிடைக்கும். ஊரில் ஆணிக்குப் பஞ்சம் இல்லை.

செடிகளைக் கையாளும்போது கவனம் வேண்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஊமத்தையை வகுப்புக்குள் கொண்டுவராதே. பார்த்தீனியம் தோலில் அரிப்பையும் தடிப்பையும் தரும். ஆவணியில் களிமண் பிள்ளையார் செய்யும்போது கண்ணுக்குக் குன்றிமணி வைப்பது நம் வழக்கம். அந்த விதை கடும் நஞ்சு. துளைபோட்டுக் கோக்கவோ வாயில் வைக்கவோ விடாதே. எண்ணிக் கொடு, எண்ணி வாங்கு.

களிமண்ணுக்கு ஏரிதான். பங்குனி, சித்திரையில் நீர் வற்றும்போது வண்டல் தெரியும். குயவர்களும் விவசாயிகளும் அனுமதி பெற்று ஏரி வண்டலை இலவசமாக எடுக்க அரசு வழி செய்திருக்கிறது. வாலாஜாபாத் பக்கம் சக்கரம் சுற்றும் குயவர் ஒருவரைத் தேடிப்பிடித்து, அவரையே ஆசிரியராக உட்காரவை. பனங்குருத்தில் கிலுகிலுப்பை பின்னத் தெரிந்த பாட்டி உன் தெருவிலேயே இருப்பாள். அவர்களுக்கு அன்றன்றைக்கே கூலி கொடு. பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாதே.

இப்போது உன் திட்டத்தில் விடுபட்ட பெரிய விஷயம். ‘பள்ளி மாணவர்களுக்கு’ என்று மட்டும் போட்டிருக்கிறாய். ஒரகடத்தில் இன்று யார் இருக்கிறார்கள்? பக்கத்து வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். வாடகை அறைகளில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் ஆட்கள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் இவர்களை ஊர் இன்னும் விருந்தாளியாகக்கூட நினைப்பதில்லை. ஆனால் மார்கழியில் தன் வீட்டுச் சுவரிலும் வாசலிலும் அரிசிமாவுக் கரைசலால் நெற்கதிரும் தாமரையும் லட்சுமியின் பாதமும் இட்டு வளர்ந்த ஒடிசாப் பெண்ணுக்கு, நம் மாக்கோலத்தைப் பார்த்ததும் விரல் துடிக்கும். அவளையும் கோலமிடும் நம்மூர்ப் பெண்ணையும் ஒரே தரையில் உட்காரவை. பேச மொழி தேவைப்படாது.

ஜார்க்கண்டிலிருந்து நீ கற்க வேண்டியது இன்னும் உண்டு. ஹசாரிபாக் கிராமங்களில் தீபாவளியை ஒட்டிய சோஹ்ராய் திருநாளில், பெண்கள் வீட்டுச் சுவர்களை மண் வண்ணங்களால் நிறைக்கிறார்கள்: மாடு, மயில், மரம், கொடி. திருமணத்துக்கு வரைவது கோவர். இந்தக் கலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, புலு இமாம் என்பவர் அங்கே தன் வீட்டிலேயே சன்ஸ்கிருதி என்ற அருங்காட்சியகத்தை உருவாக்கினார். கற்கருவிகளும் கிராமத்துப் பெண்களின் ஓவியங்களும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. வட கரன்புராப் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கங்கள் ஊர்களை விழுங்கியபோது, அங்கே என்ன இருந்தது என்று சொல்ல அந்தச் சேகரிப்பு கையில் இருந்தது. 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கினார்கள். முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவையும் போய்ப் பார். கைவினைஞரோடு பார்வையாளர் உட்கார்ந்து செய்துபார்ப்பதை அங்கே நன்றாக நடத்துகிறார்கள். ஆனால் உனக்கு முன்மாதிரி ஹசாரிபாக்தான். நிலம் வேகமாக மாறும் ஊரில் சிறிய அருங்காட்சியகம் எதற்கு என்ற கேள்விக்கு அங்கே விடை இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், பட்டறையில் செய்ததை எல்லாம் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிவிடாதே. ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் சிலவற்றை வைத்துக்கொள். பின்பக்கம் பெயர், வயது, தேதி, எந்த ஏரிக்கரை, எந்த மரம், அன்று நீர் எதுவரை இருந்தது என்று பென்சிலால் எழுதவை. அழகாக வந்ததை மட்டும் எடுக்காதே. கூர்ந்து பார்த்து வரைந்ததை எடு. பத்து ஆண்டு கழித்து அந்த மரம் இருக்கும் இடத்தில் கிடங்கு ஒன்று நிற்கலாம். அப்போது அந்தத் தாள், ஊர் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்த ஆவணம். விலைக்கு வாங்கிய எந்தச் சிலையையும்விட உன் அருங்காட்சியகத்துக்கு அதுதான் சொத்து.

பணம் பற்றிக் கேட்டிருந்தாய். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி கம்பெனிகள் செலவிட வேண்டிய சமூகப் பொறுப்பு நிதியில் கலைக்கும் பாரம்பரியத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் இடமுண்டு. தயங்காமல் கேள். உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று பேனர் கட்டி, டி‑ஷர்ட் கொடுத்து, ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாதே. ஆண்டு முழுதும் ஞாயிற்றுக்கிழமைதோறும் குயவருக்கும் பாட்டிக்கும் கொடுக்கும் கூலியை ஏற்கச் சொல். சோழமண்டல ஓவியர்கள் 1966இல் தங்களுக்கென்று ஓவியர் கிராமம் அமைத்தபோது, பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுத்தான் தங்கள் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். நீயும் உன் கடுக்காய் மையைப் புட்டியில் அடைத்து விற்கலாம்.

திட்டத்தைத் திருத்தி எழுது. ஒவ்வொரு வகுப்புக்கு நேராகவும் எந்த ஏரி, எந்த மாதம், யார் கற்றுத்தருகிறார் என்ற மூன்றும் இருக்கட்டும். விடுதிப் பெண்களை முதல் வகுப்புக்கே அழை. இரவு ஷிஃப்ட் முடிந்து வருபவர்களுக்கு மாலை நேரம் வை. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. அந்தப் பழைய கட்டடத்தின் கூரை ஒழுகுவதை ஐப்பசி மழைக்கு முன் சரிசெய்ய ஆகும் செலவைப் பிறகு சேர்ந்து பேசுவோம்.

அன்புடன்,
உன் அக்கா