அவுரி: இலையாக விற்பதா, நீலமாக விற்பதா?

சாயம் என்ற சொல்லைக் கேட்டாலே நொய்யல் கரை உழவர்களுக்கு ஒரத்துப்பாளையம் அணைதான் நினைவுக்கு வரும். ஈரோடு, கரூர் மாவட்ட நிலங்களுக்குப் பாசனம் தருவதற்காக 1992-ல் கட்டப்பட்ட அணை அது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே திருப்பூர்ச் சாயப் பட்டறைகளின் கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. மண்ணிலும் கிணற்று நீரிலும் உப்பு ஏறியது. தண்ணீருக்காகக் காத்திருந்த பாசனக்காரர்களே இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிடும் வரை வழக்கு சென்றது.

அதே சாயம் வயலில் விளையும் பயிராகவும் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். விழுப்புரம் மாவட்டத்தில், குறிப்பாகத் திண்டிவனம் வட்டாரத்தில், அவுரி இன்றும் பயிராகிறது. அதன் இலை தலைமுடிச் சாயப் பொடியாக வெளிநாடுகளுக்குப் போகிறது. செடியை ஊற வைத்து எடுக்கும் நீலக் கட்டியோ கைத்தறித் துணிக்குச் சாயமிடுவோரிடம் போகிறது. கட்ச் பகுதியில் அஜ்ரக் அச்சுத் துணி செய்யும் கத்ரி குடும்பத்தினர், காளஹஸ்தியில் கலம்காரி எழுதுவோர், ஆரோவில்லில் நீலத் தாழி வைத்திருக்கும் சாயப் பட்டறையினர் ஆகியோருக்கு இந்தக் கட்டி தேவை. இவர்கள் நெய்து, அச்சிட்டு, சாயமிட்ட துணியைச் சிறு கடைகள் வாங்கி விற்கின்றன. விதைக்கு முன்பே சிறு உழவர் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். இலையாக விற்பதா, நீலமாக விற்பதா?

எது அவுரி?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதியில் பேதி மருந்துக்காகப் பயிரிடும் நிலாவாரையையும் அவுரி என்றே சொல்வதுண்டு. அதற்கு மஞ்சள் பூ, தட்டையான அகன்ற காய். நீல அவுரிக்குப் பூ சிறியது, இளஞ்சிவப்பு. காய் குச்சி போல் ஒடுங்கி, கொத்தாக வளைந்து நிற்கும். கொழிஞ்சியும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். கொழிஞ்சிச் சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் அம்பு முனை போல் கிழியும். அவுரி இலையோ காயக் காய நீலங்கலந்த கருமை அடையும். விதை வாங்கும்போது இதைச் சரிபார்க்காமல் ஏமாந்தால் ஒரு பருவமே வீண்.

அவுரி பயறு வகைச் செடி. வேர் முடிச்சுகளால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். நெல் அறுவடைக்குப் பின் கோடையில் பசுந்தாளாக விதைத்து மடக்கி உழும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. களிமண்ணிலும் ஒன்றிரண்டு தண்ணீரில் வந்துவிடும். ஆனால் தண்ணீர் தேங்கினால் தாங்காது. விதை சிறியது, மேல்தோல் கடினமானது. அப்படியே தூவினால் பாதி முளைக்காமல் கிடக்கும். கரடுமுரடான மணலோடு சேர்த்துத் தேய்த்து, பிறகு இரவு முழுவதும் ஊற வைத்து விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும். தூவும்போதும் மணல் கலந்து தூவினால் பரவலாக விழும். களை முதல் மாதத்தில்தான் தொல்லை. செடி மூடிக்கொண்ட பின் கவலையில்லை.

ஏறத்தாழ மூன்று மாதத்தில் முதல் வெட்டு. சாயம் ஏறக்குறைய முழுவதும் இலையில்தான் இருக்கிறது; தண்டில் இல்லை. எனவே பூ எடுக்கத் தொடங்கும் தறுவாயில், இலை மிகுந்து நிற்கும்போது வெட்ட வேண்டும். இன்னும் கொஞ்சம் எடை ஏறட்டும் என்று காத்திருந்தால் ஏறுவது குச்சியின் எடை. அடி இலைகள் உதிர்ந்துவிடும். தரையிலிருந்து நான்கு விரற்கடை விட்டு வெட்டினால் மறுதாம்பு தழைத்து, ஒன்றரை, இரண்டு மாதத்தில் அடுத்த வெட்டுக்கு வரும்.

இலையாக விற்பவர் செடியை வெட்டியவுடன் நிழலில் பரப்பி, விரைவாகக் காய வைத்து, இலையை உதிர்த்துச் சாக்கில் கட்ட வேண்டும். பச்சை நிறம் எவ்வளவு மாறாமல் இருக்கிறதோ அவ்வளவு விலை. காயும்போது ஒரு மழை நனைத்தாலும் தரம் போயிற்று. இதற்குத் தொட்டி வேண்டாம், கூட்டாளி வேண்டாம்; ஓர் ஏக்கர்க்காரர் தனியாகவே செய்யலாம். ஆனால் விலையை வைப்பவர் வியாபாரி. இலை நிறைய வந்த ஆண்டில் சாக்கு வீட்டிலேயே கிடக்கும்.

தொட்டியில் நடப்பது

நீலம் இலையில் நீலமாக இல்லை. இலையை நசுக்கினால் பச்சைச் சாறுதான் வரும். இண்டிகன் என்ற நிறமற்ற பொருளாக அது இலைக்குள் இருக்கிறது. தண்ணீரில் ஊறும்போது இலையிலுள்ள நொதி அதைப் பிரிக்கிறது. பிரிந்த பொருள் காற்றுப் பட்டதும் நீலமாக மாறுகிறது. பழைய அவுரித் தொட்டிகள் இந்த இரண்டு வேலைகளுக்காகவே சரிவான இடத்தில் மேலும் கீழுமாகக் கட்டப்பட்டன. மேல் தொட்டி ஊற வைக்க, கீழ்த் தொட்டி கலக்கி அடிக்க. இறைக்கும் செலவில்லாமல் தண்ணீர் தானே இறங்கும்.

வெட்டிய கட்டுகளை அன்றே தொட்டிக்குக் கொண்டுவர வேண்டும். குவித்து வைத்தால் உள்ளே சூடேறிச் சாயம் அழியும். கட்டுகளை அடுக்கி, மிதக்காதபடி மேலே கட்டைகளை வைத்து அழுத்தி, நல்ல தண்ணீர் விட்டு 12 முதல் 15 மணி நேரம் ஊற வைக்கிறார்கள். வெயில் கடுமையானால் நேரம் குறையும். தண்ணீர் பசுமஞ்சளாகி, குமிழி கிளம்பி, ஒருவிதப் புளித்த வாடை அடிக்கும். இந்தப் பக்குவம் தவறினால் பின்னால் திருத்த வழியில்லை. குறைவாக ஊறினால் நீலம் இலையிலேயே தங்கிவிடும். அதிகம் ஊறினால் கட்டி மங்கும். தொட்டிக்காரரின் கூலி உண்மையில் இந்த மூக்குக்குத்தான்.

பிறகு தண்ணீரைக் கீழ்த் தொட்டிக்குத் திறந்துவிட்டு, ஆட்கள் இறங்கிக் காலால் உதைத்தோ துடுப்பால் அடித்தோ இரண்டு, மூன்று மணி நேரம் கலக்குகிறார்கள். நுரை வெள்ளையாக எழும்பி, நீலமாகி, கடைசியில் அடங்கும். ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தால் நீலத் துகள் பிரிந்து அடியில் இறங்குவது தெரியும். தெளிந்த தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, பலகையில் அழுத்தித் துண்டு போட்டு நிழலில் பல நாட்கள் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

கணக்கைப் பார்த்தால் பலருக்கு மனம் சோர்ந்துவிடும். நூறு கிலோ பச்சைச் செடிக்குக் கால் கிலோ அளவில்தான் கட்டி கிடைக்கும். ஓர் ஏக்கரில் நான்கு டன் செடி வெட்டினால் 10 கிலோ. இந்தப் பத்துக் கிலோவுக்காகத் தனி ஒருவர் தொட்டி கட்டுவது வீண் செலவு. அருகருகே உள்ள பத்துப் பதினைந்து பேர், வெட்டும் நாளை முறை வைத்துக்கொண்டு, ஒரே தொட்டிக்குச் செடி கொண்டுவந்தால்தான் கட்டுபடியாகும். ஒரே நாளில் எல்லோரும் வெட்டினால் பாதிச் செடி வண்டியிலேயே வெந்துவிடும். ஆக, விதைப்பையே வாரம் வாரமாகப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். தொட்டி ஒரு மணி நேர வண்டித் தூரத்துக்குள் இல்லாத ஊரில் இலையாக விற்பதுதான் புத்திசாலித்தனம்.

கட்டியை யார் வாங்குவார்?

1897-ல் ஜெர்மானியர் ஆலையில் செய்த நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். அதற்கு முன் கடப்பை, நெல்லூர், தென்னார்க்காடு மாவட்டங்களில் ஏராளமாக விளைந்த அவுரி, அடுத்த இருபது ஆண்டுகளில் பெரும்பாலும் மறைந்தது. இன்று உலகில் விற்கும் ஜீன்ஸ் துணிகளில் பெரும்பாலானவை அந்த ஆலை நீலத்தால் சாயமிடப்படுபவை. ஆலை நீலமும் வயல் நீலமும் அடிப்படையில் ஒரே பொருள். துணியைப் பார்த்து எது எதுவென்று கண்ணால் சொல்ல முடியாது.

உழவர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நாலு மடங்கு விலை கொடுத்து அவுரி நீலத் துணி வாங்குகிறவர் நிறத்துக்காக மட்டும் கொடுப்பதில்லை. அது செடியிலிருந்து வந்தது, ஆற்றைக் கெடுக்காமல் வந்தது என்ற நம்பிக்கைக்காகக் கொடுக்கிறார். துணியில் கைத்தறி முத்திரை இருந்தால் அது கைத்தறியில் நெய்தது என்பதற்குத்தான் சான்று. சாயத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. கடைக்காரர் சாயமிடுபவரை நம்புகிறார். சாயமிடுபவர் கட்டி தருபவரை நம்புகிறார். கட்டியில் சுண்ணாம்பையோ களிமண்ணையோ கலந்து எடை கூட்டினால், அல்லது ஆலைத் தூளைச் சேர்த்தால், அறுந்துபோவது இந்தச் சங்கிலி முழுவதும்.

நல்ல கட்டி எடை குறைந்தது, தண்ணீரில் மிதக்கும். நகத்தால் தேய்த்தால் செம்பு போல் பளபளக்கும். மண் கலந்தது அடியில் போய்விடும். கட்டி முழுவதும் நீலமல்ல. பாதிக்கு மேல் நீலம் இருந்தாலே உயர்ந்த தரம். எந்த நாளில், எந்த வயல் செடியில் எடுத்தது என்று ஒவ்வொரு ஊறலுக்கும் தனிச் சீட்டு எழுதி வைப்பது நல்லது. தாழிக்குத் தாழி நிறம் மாறினால் சாயமிடுபவருக்கு நட்டம். சீட்டு இருந்தால் எந்த ஊறலில் பிழை என்று கண்டுபிடிக்கலாம்.

சாயமிடுபவர்களிலும் இரண்டு வகை உண்டு. நீலம் தண்ணீரில் கரையாது. அதைக் கரைய வைக்க ஒரு வழி வேண்டும். ஹைட்ரோஸ் என்ற இரசாயனத்தைப் போட்டு நொடியில் கரைப்பவர்கள் உண்டு. பழைய முறையிலோ தகரை விதையை வேக வைத்துச் சுண்ணாம்புத் தண்ணீரோடு தாழியில் சேர்த்துப் புளிக்க வைப்பார்கள். சிலர் வெல்லமும் சேர்ப்பார்கள். சில நாட்களில் மேலே செம்பு நிற ஏடு படியும். கீழே தண்ணீர் பசுமஞ்சளாக இருக்கும். நூலை முக்கி எடுத்தால் பச்சையாக வந்து, காற்றில் கண்முன்னே நீலமாகும். மறுபடி மறுபடி முக்க நிறம் ஆழமாகும். படிகாரம் கூடத் தேவையில்லை. வேளை தவறாமல் தீனி போட்டால் ஒரு தாழி பல மாதம் உயிரோடு இருக்கும். வரப்பில் களையென்று பிடுங்கி எறியும் தகரைக்கும் அங்கே விலை உண்டு. அவுரித் தொட்டி வைப்பவர்கள் இத்தகைய பட்டறைகளை நேரில் பார்த்து, அவர்களுக்கு ஆண்டுக்கு எத்தனை கிலோ தேவை என்று கேட்டறிந்த பின் விதைப்பது நல்லது. விதைத்துவிட்டு ஆள் தேடக் கூடாது.

முன்பணம் வாங்குவதில் எச்சரிக்கை தேவை. வங்காளத்தில் 1859-ல் உழவர்கள் அவுரி விதைக்க மறுத்துக் கிளர்ந்ததற்கு முக்கியக் காரணம், தோட்டக்காரர்கள் கொடுத்த முன்பணம் தலைமுறைக்கும் தீராத கடனானது. சம்பாரணில் 20 கட்டா நிலத்தில் 3 கட்டாவில் அவுரி போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. 1917-ல் காந்தியடிகள் அங்கே சென்ற பிறகே அது ஒழிந்தது. இன்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் வாய்ப்பேச்சு உடன்பாடு அதே வேலையைச் செய்துவிடும். வெட்டுக் கூலி யாருடையது, வண்டி வாடகை யாருடையது, எடை வயலிலா தொட்டியிலா, பணம் எத்தனை நாளில் என்பவற்றை விதைக்கு முன்பே எழுதி வாங்க வேண்டும். வெட்டிய செடி வாட வாட எடை இறங்கும் என்பதால், எடை வயல் ஓரத்தில் போடப்படுவதே நியாயம். குச்சி அதிகம் என்று வாங்குபவர் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும், அதுவும் நியாயமே.

ஊறி முடிந்த சக்கையை எரிக்கவோ வீதியில் கொட்டவோ கூடாது. தழைச்சத்து நிறைந்த உரம் அது. செடி கொடுத்தவருக்கே அவருடைய பங்குச் சக்கை திரும்ப வேண்டும் என்பதையும் உடன்பாட்டில் சேர்த்துக்கொள்ளலாம். வடித்த தண்ணீரையும் வயலுக்கே பாய்ச்சலாம். வயலின் மேட்டுப் பக்கம் இரண்டு வரிசையை வெட்டாமல் விட்டு வைத்தால், காய் முற்றிப் பழுப்பானதும் தடியால் அடித்து, அடுத்த கோடைக்கு வேண்டிய விதையைச் சேர்த்துக்கொள்ளலாம்.