ஒரே லென்ஸ் உள்ள கேமரா

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் மக்கள் அதிகம். அவர்களுடைய முன்னோர்கள் சுரங்க வேலைக்காக வந்தவர்கள். வட ஆற்காடு, சித்தூர் பக்கங்களிலிருந்து பலர் வந்தார்கள். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வேலையைத் தொடங்கியது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது.

சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. பழைய லைன் வீடுகள் மாறி வருகின்றன. குழிக்கு மேலே நின்ற இரும்புக் கோபுரங்கள் துருப்பிடிக்கின்றன. இவற்றைப் படம் எடுத்து வைத்தால் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள். அதற்கு விலை உயர்ந்த கேமரா வேண்டுமா?

ஒரே லென்ஸ் என்றால் என்ன?

லென்ஸ்தான் கேமராவின் கண். சில கேமராக்களில் அதைக் கழற்றி வேறு லென்ஸ் மாட்டலாம். சிலவற்றில் லென்ஸ் கேமராவோடு சேர்ந்தே இருக்கும். கழற்ற முடியாது. இந்தியாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 இப்படிப்பட்டது. ஒரு பிலிம் சுருளில் 12 படம் எடுக்கலாம். இன்றைய செல்போன் கேமராவின் லென்ஸையும் கழற்ற முடியாது.

நன்மைகள்

எளிய வகைகளின் விலை குறைவு. அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். எடையும் குறைவு. கற்றுக்கொள்வது சுலபம்.

இன்னொரு நன்மையும் உண்டு. தங்கவயலில் சயனைடு மண்மேடுகள் உள்ளன. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் அது. காற்று அடித்தால் தூசி பறக்கும். லென்ஸைக் கழற்றும்போது தூசி கேமராவுக்குள் போகும். கழற்றாத கேமராவில் அந்தத் தொல்லை குறைவு.

குறைகள்

தூரத்தில் உள்ளது சிறியதாகத் தெரியும். செல்போனில் விரலால் பெரிதாக்கலாம். ஆனால் படத்தின் தெளிவு குறையும்.

பழைய எளிய கேமராவில் மிக அருகே நின்று எடுத்தால் முகம் மங்கும். இருட்டிலும் படம் சரியாக வராது. லைன் வீட்டு அறை சிறியது. பின்னால் நகர இடம் இல்லை. குடும்பம் முழுவதும் படத்தில் அடங்காது. லென்ஸில் கீறல் விழுந்தால் வேறு மாட்டவும் முடியாது.

என்ன செய்யலாம்?

லென்ஸ் மாறாது. ஆனால் கால் நகரும். முகம் பெரிதாக வேண்டுமா? முன்னால் போக வேண்டும். கோபுரம் முழுவதும் வேண்டுமா? பின்னால் வர வேண்டும்.

ஒரு பேத்தி தன் தாத்தாவைக் கோபுரத்தோடு படம் எடுக்கிறாள். அவர் சுரங்கத்தில் வேலை செய்தவர்.

“தாத்தா, நீங்க அங்கேயே நில்லுங்க. நான் பின்னால போறேன்.”

“திரும்பிப் பாத்துட்டுப் போ கண்ணு. இங்கெல்லாம் பழைய குழி இருக்கும்.”

தாத்தா சொன்னது சரி. கேமராவைப் பார்த்தபடியே பின்னால் நடக்கக் கூடாது.

வீட்டுக்குள் கூட்டமாக நிற்க வைக்க வேண்டாம். வாசலில் நிற்க வைக்கலாம். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். முதுகுப் பக்கம் வெயில் இருந்தால் முகம் கறுத்துவிடும்.

பெயர் எழுதுங்கள்

படம் எடுத்தால் மட்டும் போதாது. பெயர் இல்லாத படத்தில் இருப்பவர் யார் என்று நாளைக்குத் தெரியாமல் போகும். படத்தின் பின்னால் பென்சிலால் மெதுவாக எழுத வேண்டும். அவர் பெயர், வேலை செய்த சுரங்கம், படம் எடுத்த ஆண்டு ஆகியவை போதும். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம்.

பயிற்சி

1. ஒரே லென்ஸ் கேமராவின் நன்மைகள் இரண்டு சொல்லுங்கள்.
2. கோபுரம் முழுவதும் படத்தில் வர என்ன செய்ய வேண்டும்?
3. உங்கள் வீட்டில் உள்ள பழைய படம் ஒன்றை எடுங்கள். அதில் இருப்பவர்களின் பெயரைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.